நினைவூட்டியதும் அனிசோமைசின் ஏற்றினோம், எலியின் பயம் குறையவில்லை: எங்கே கோளாறு?

பாதாம்பருப்பு (கேள்வி)

வணக்கம். நாடர், ஷாஃபே, லெடூ மூவரும் 2000-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனையை ஒட்டி ஒரு வடிவமைப்பு போட்டிருக்கிறோம். பய நினைவை நினைவூட்டிய உடனே, புரத உற்பத்தியைத் தடுக்கும் அனிசோமைசினை எலியின் மூளையில் ஏற்றினால் பிறகு அந்தப் பயம் குறைகிறது என்று காட்டிய சோதனை அது.

ஆண் விஸ்டார் எலிகள், 280–300 கிராம். பயத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் பேஸோலேட்டரல் பாகத்துக்கு இருபக்கமும் கேனுலா (மருந்து ஏற்றும் நுண்குழாய்), அறுவைக்குப் பின் ஒரு வாரம் ஓய்வு. முதல் நாள் 5 டோன்-ஷாக் ஜோடி: டோன் 30 விநாடி, 5 கிலோஹெர்ட்ஸ், 80 டெசிபல், அது முடியும் கடைசி விநாடியில் 0.8 மில்லிஆம்பியர் ஷாக். இரண்டாம் நாள் வேறு பெட்டியில் ஒரே ஒரு டோன், ஷாக் கிடையாது. வெளியே எடுத்த உடனே பக்கத்துக்கு 62.5 மைக்ரோகிராம் அனிசோமைசின், 0.5 மைக்ரோலிட்டரில். மூன்றாம் நாள் அதே இரண்டாம் பெட்டியில் 5 டோன் வைத்து ஃப்ரீஸிங் (பயத்தில் அசையாமல் உறைந்து நிற்பது) எண்ணுகிறோம்.

வெறும் கரைசல் பெற்ற குழு 78%, மருந்துக் குழு 73%. குழுவுக்கு 8 எலி. வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு சந்தேகங்கள். மருந்து போய்ச் சேரவில்லையா, அல்லது சேர்ந்தும் நினைவு அசையவில்லையா, இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அடுத்த முறை ஃப்ரீஸிங் குறைந்தே விட்டாலும் 'நினைவு அழிந்தது' என்று எழுதலாமா?

---

ஊசிமுனை

முதல் சந்தேகத்துக்கு நேர்வழி ஒன்று உண்டு. இதே மருந்துக் கரைசலை, இதே கேனுலா வழியே, கண்டிஷனிங் (டோன்-ஷாக் பயிற்சி) முடிந்த உடனே இன்னொரு குழுவுக்கு ஏற்றுங்கள். பயிற்சிக்குப் பின் லேட்டரல் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுத்தால் நீண்டகால பய நினைவு உருவாகாது. ஷாஃபேயும் லெடூவும் அதே 2000-இல் காட்டியது அது. அந்தக் குழுவில் மறுநாள் ஃப்ரீஸிங் விழுந்தால் உங்கள் மருந்து, இடம், பம்ப் மூன்றும் சரி. சிக்கல் நினைவூட்டும் கட்டத்தில் இருக்கிறது. அதிலும் விழவில்லை என்றால் ரீகன்சாலிடேஷன் (நினைவூட்டிய நினைவு மறுபடி நிலைபெறுவது) பேச்சையே இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

மருந்தில் வழக்கமாக எங்கே கெடும் என்பதைச் சொல்கிறேன். 0.5 மைக்ரோலிட்டரில் 62.5 மைக்ரோகிராம் என்றால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 125. மிக அடர்த்தியான கரைசல் அது, நடுநிலை நீரில் அந்த அளவு கரையாது. 25 மி.கி. பொடிக்கு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 95 மைக்ரோலிட்டர் பிடிக்கும். அனிசோமைசினின் மூலக்கூறு எடை 265, அது ஒரு காரம், ஒன்றுக்கு ஒன்று அமிலம் கேட்கும். கணக்கு அப்படித்தான் வருகிறது. முழுக்கத் தெளிந்த பிறகு செயற்கை மூளைத் தண்டுவடத் திரவம் சேர்த்து 200 மைக்ரோலிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொண்டு வாருங்கள். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக, ஒவ்வொரு துளிக்கும் கலக்கி, பி.எச். 7.2–7.4 வரை. இந்தக் கொள்ளளவுக்குச் சாதாரண எலெக்ட்ரோடு நுழையாது, குறுகிய வரம்புள்ள பி.எச். தாள் போதும். ஒரு துளி அதிகமானால் காரவடிவம் வெள்ளையாகப் பிரிந்து வரும். லேசாக மங்கலாகத் தெரியும் கரைசலை "பரவாயில்லை" என்று ஏற்றினால் அந்தத் துகள் இன்ஜெக்டர் முனையில் அடைத்துக்கொள்ளும். பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அன்றன்றைக்குத் தயாரியுங்கள். குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் மறுபடி படிகம் கட்டலாம். ஒப்பீட்டுக் குழுவின் கரைசலும் அதே அமிலம், காரம் பட்டு அதே பி.எச்.-இல் இருக்க வேண்டும்.

ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு 0.25 மைக்ரோலிட்டர், இரண்டு நிமிடம். முடிந்ததும் இன்ஜெக்டரை உடனே உருவாதீர்கள், இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் அங்கேயே இருக்கட்டும். அவசரமாக எடுத்தால் திரவம் ஊசித்தடம் வழியே மேலேறி காடேட்-புட்டாமென் பக்கம் போய்விடும். குழாயில் ஒரு சிறு காற்றுக்குமிழி விட்டு அது நகர்கிறதா என்று ஒவ்வொரு எலிக்கும் பாருங்கள். முன்னும் பின்னும் இன்ஜெக்டரை வெளியே பிடித்து பம்பை ஓட்டினால் நுனியில் துளி திரள வேண்டும்.

அடுத்து இடம். இந்த எடையுள்ள எலிக்கு ப்ரெக்மாவிலிருந்து (மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் புள்ளி) பின்னால் 2.8–3.0, பக்கவாட்டில் 5.0–5.2, மண்டையோட்டிலிருந்து ஆழம் 8 மி.மீ. ஒட்டி வரும். ஆனால் அட்லஸ் எலியின் எடை வேறு, உங்கள் எலியின் எடை வேறு. இரண்டு எலியில் சாயம் ஏற்றிப் பார்க்காமல் அறுவையைத் தொடங்குவது வீண். அரை மைக்ரோலிட்டர் ஏறக்குறைய ஒரு மி.மீ. பரவும். உள்நோக்கி அரை மி.மீ. தவறினாலும் அமிக்டலாவின் வேறு பாகமான சென்ட்ரல் நியூக்ளியஸ் நனைந்துவிடும், அதன் பிறகு எதைத் தடுத்தீர்கள் என்றே சொல்ல முடியாது. கிரெசில் வயலட் சாயமிட்ட வெட்டுகளைப் பார்ப்பவருக்கு அந்த எலி எந்தக் குழு, எவ்வளவு உறைந்தது என்பது தெரியக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் சரியாக விழுந்த எலிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு எண் உங்கள் பதிவில் இல்லை: மூன்றாம் நாள் முதல் டோனுக்கு முன் எவ்வளவு ஃப்ரீஸிங்?

---

நிலைகுலை

ஊசிமுனை சொன்ன ஒப்பீட்டுக் குழு முதல் வேலை. அது சரியாக வந்தால் கீழே சொல்வது பொருந்தும்.

டோன் தாலமஸிலிருந்து நேராகவும், செவிப்புறணி வழியாகவும் லேட்டரல் அமிக்டலாவுக்கு வருகிறது. ஷாக்கும் அங்கேயே வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே செல்லில் மோதும்போது என்எம்டிஏ ஏற்பி (செல் பரப்பில் சமிக்ஞையை ஏற்கும் ஒரு புரதம்) திறந்து கால்சியம் உள்ளே போகிறது, டோன் வரும் சைனாப்ஸில் (நியூரான்களின் சந்திப்பில்) ஏஎம்பிஏ என்ற இன்னொரு வகை ஏற்பிகள் கூடுகின்றன. அதை நிலைக்க வைக்கத்தான் அடுத்த சில மணி நேரத்தில் புதுப் புரதம் தேவை. இது எல்லாருக்கும் தெரிந்த பாதி.

நினைவூட்டும்போது நடப்பதில் இரண்டு படி இருக்கிறது. முதல் படியில் சைனாப்ஸ் தளர வேண்டும்: க்ளூஎன்2பி வகை என்எம்டிஏ ஏற்பி இயங்கி, சைனாப்ஸைத் தாங்கும் சாரக்கட்டுப் புரதங்களைப் புரோட்டியசோம் (செல்லின் புரதம் உடைக்கும் அமைப்பு) உடைக்கிறது. இரண்டாம் படியில் புதுப் புரதம் வந்து மறுபடி இறுக்குகிறது. அனிசோமைசின் தடுப்பது இரண்டாவதை மட்டும். முதல் படி நடக்கவே இல்லை என்றால் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. குழுக்கள் இரண்டும் ஒன்றுபோல் உறையும், உங்கள் 78-க்கு 73 போல.

இதைச் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை. நாடர் குழு 2006-இல் நினைவூட்டலுக்கு முன் அமிக்டலாவில் ஐஃபென்ப்ரோடில் ஏற்றி க்ளூஎன்2பி-ஐ அடைத்தது. டோன் கேட்டதும் எலி வழக்கம்போல் உறைந்தது, ஆனால் பின்னால் கொடுத்த அனிசோமைசின் எதையும் செய்யவில்லை. ஏஎம்பிஏ ஏற்பியை அடைத்தபோது கதை தலைகீழ்: எலி உறையவில்லை, நினைவு மட்டும் தளர்ந்தது, அனிசோமைசின் வேலை செய்தது. ஆகவே "இரண்டாம் நாள் நன்றாக உறைந்தது, நினைவு கிளம்பிவிட்டது" என்று எடுத்துக்கொள்ள முடியாது. உறைவது வேறு, தளர்வது வேறு. தளர்ந்ததைக் கண்ணால் பார்க்க வழியில்லை என்பதுதான் இந்தத் துறையின் தலைவலி.

தளராமல் போக என்ன காரணம்? உங்கள் வடிவமைப்பில் என் கண்ணுக்கு முதலில் படுவது 5 ஜோடி. 2000-இன் மூலச் சோதனையில் ஒரே ஒரு ஜோடிதான். 2009-இல் வாங், டி ஒலிவெய்ரா ஆல்வாரெஸ், நாடர் மூவரும் 10 ஜோடி கொடுத்துப் பார்த்தார்கள். 2-ஆம் நாளும் 7-ஆம் நாளும் நினைவூட்டி அனிசோமைசின் ஏற்றியும் நினைவு அசையவில்லை. 30, 60 நாள் கழித்து அசைந்தது. அத்தகைய கடும் பயிற்சிக்குப் பின் அமிக்டலாவில் க்ளூஎன்2பி அளவே குறைந்திருந்தது. 5 ஜோடி நடுவாந்தரம், எந்தப் பக்கமும் சாயலாம். ஒன்றுக்கு இறங்குங்கள். 0.8 மில்லிஆம்பியரில் ஒரே ஜோடிக்கு ஃப்ரீஸிங் மிகக் குறைவாக வந்தால் ஷாக்கைக் கொஞ்சம் ஏற்றி, கரைசல் குழு 50–70% தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். 80-ஐத் தொட்டு நிற்கும் குழுவில் சிறு இறக்கம் தெரியாது.

நினைவூட்டலின் நீளமும் முக்கியம். சுசுகி குழு 2004-இல் சுண்டெலிகளை ஷாக் வாங்கிய பெட்டியில் மறுபடி விட்டது. 1 நிமிடம் விட்டால் அனிசோமைசினுக்கு விளைவில்லை. 3 நிமிடம் விட்டால் பயம் குறைந்தது. 30 நிமிடம் விட்டால் எக்ஸ்டிங்ஷன் (ஷாக் வராததால் பயம் அடங்கும் புதுக் கற்றல்) நினைவு கெட்டு, பயம் குறையாமல் நின்றது. டோனிலும் இதே போக்கு: மெர்லோ, மில்டன், எவரிட் குழு (2014) என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் எம்கே-801 வைத்துச் செய்ததில் 1 டோனுக்கு ரீகன்சாலிடேஷன் கெட்டது, 10 டோனுக்கு எக்ஸ்டிங்ஷன் கெட்டது, நடுவில் 4 டோனுக்கு எதுவுமே இல்லை. அதனால் 'ஒன்று போதவில்லை' என்று நான்கு ஐந்து டோனாக ஏற்றிவிடாதீர்கள், அந்த இரண்டுங்கெட்டான் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, மன அழுத்தம். முன்பே அழுத்தத்துக்கு ஆளான எலிகளில் பய நினைவு தளர மறுக்கிறது. மொலினா குழு 2010-இல் அத்தகைய எலிகளுக்கு நினைவூட்டலுக்கு முன், என்எம்டிஏ ஏற்பிக்கு ஊக்கம் தரும் டி-சைக்ளோசெரின் கொடுத்துத் தளர வைத்தது. அழுத்தம் அமிக்டலாவில் எவ்வளவு நாள் தங்கும் என்பதற்குப் பெங்களூரு என்சிபிஎஸ் ஆய்வு மையத்தில் சத்தர்ஜி குழு செய்த வேலையைப் பாருங்கள். தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்ததில் பேஸோலேட்டரல் அமிக்டலா நியூரான்களின் கிளைகள் வளர்ந்தன. 21 நாள் ஓய்வுக்குப் பிறகும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரே ஒரு 2 மணி நேர அழுத்தம்கூட 10 நாள் கழித்து டென்ட்ரைட் (நியூரான் கிளை) முட்களைக் கூட்டியது. கையால் பழக்காத எலியை அறுவை செய்து, ஒரு வாரத்தில் பெட்டிக்குள் விடுவது அழுத்தத்தோடு சோதனையைத் தொடங்குவதுதான். தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு வாரம் கையில் எடுத்துப் பழக்குங்கள். கேனுலா மூடியைக் கழற்றி மாட்டுவதும் அந்தப் பழக்கத்தில் சேரட்டும்.

---

பாதாம்பருப்பு

மிக்க நன்றி இருவருக்கும். ஊசிமுனை கேட்ட எண்ணை வீடியோவில் எண்ணிப் பார்த்தேன்: முதல் டோனுக்கு முந்தைய 2 நிமிடத்தில் கரைசல் குழு 38%, மருந்துக் குழு 35%. இரண்டு பெட்டியிலும் கம்பித்தளம்தான். சுவர் நிறம் மட்டும் வேறு. இரண்டையும் 70% எத்தனால் கொண்டு துடைக்கிறோம்.

---

ஊசிமுனை

அதுதான். எலிக்கு அது இரண்டாம் பெட்டியே இல்லை. எலி சுவர் நிறத்தைவிட மணத்தையும் காலடியையும் நம்பும். டோன் வருவதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறைந்திருக்கிறது. நீங்கள் எண்ணிய 78-க்குள் இடத்தைப் பற்றிய பயமும் கலந்திருக்கிறது, அது ஹிப்போகேம்பஸும் (இடத்தைப் பதியும் மூளைப் பகுதி) சேர்ந்து தாங்கும் நினைவு.

கம்பியின் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் தட்டைப் போடுங்கள், சுவரை வளைவாக்குங்கள், எத்தனாலுக்குப் பதில் 1% அசெட்டிக் அமிலமோ வனிலாவோ, சிவப்பு விளக்கு, முடிந்தால் வேறு அறை. கூண்டிலிருந்து கொண்டுபோகும் பெட்டியும் மாறட்டும். அதையே எலி அடையாளம் வைத்துக்கொள்ளும். பயிற்சிக்கு முன் இரண்டு நாள், டோன் இல்லாமல், இந்தப் பெட்டியில் 15 நிமிடம் உலாவ விடுங்கள். டோனை மட்டும் முன்கூட்டியே கேட்கவிடாதீர்கள், பிறகு அது ஷாக்கோடு ஒட்டாது. டோனுக்கு முந்தைய ஃப்ரீஸிங் 10%-க்குக் கீழே வந்த பிறகு மருந்தைக் கையில் எடுங்கள்.

மூன்றாம் நாளின் 5 டோனைச் சராசரி போட வேண்டாம், டோன்வாரியாக வரையுங்கள். நான்காவது ஐந்தாவது டோனில் எக்ஸ்டிங்ஷன் நடந்துகொண்டிருக்கும்.

---

சந்தேகப்பிராணி

மேலே உள்ளவை எல்லாம் சரி. ஆனால் "தளரவில்லை" என்ற விளக்கத்தில் எனக்கு ஒரு நெருடல். விளைவு வந்தால் நினைவு தளர்ந்தது, வராவிட்டால் தளரவில்லை என்றால் அந்தக் கருத்தைத் தோற்கடிக்கவே முடியாது. தளர்வைத் தனியாக அளந்தால்தான் அது விளக்கம் ஆகும்.

உங்கள் எண்ணிக்கையையும் பாருங்கள். ஃப்ரீஸிங்கில் எலிக்கு எலி 20 புள்ளி திட்டவிலக்கம் சாதாரணம். உண்மையில் 20 புள்ளி இறக்கம் இருந்தாலும் அதை 80% உறுதியுடன் பிடிக்கக் குழுவுக்கு 17 எலி வேண்டும். 8 எலியில் பாதி வாய்ப்புகூட இல்லை. இந்தத் துறையின் பல பழைய கட்டுரைகளுக்கும் இதே பலவீனம். பெக்கர்ஸின் லூவென் குழுவில் ஷ்ரோயன்ஸ் முதலானோர் 2019-இல், எலியின் பெட்டி-பய நினைவை நினைவூட்டி மருந்தால் மறக்கடிக்கும் முயற்சிகள் திரும்பத் திரும்பச் சரிவரவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். மருந்தில்லா வழியும் அப்படித்தான்: ஒரு டோன் கொடுத்து, 10 நிமிடமோ ஒரு மணி நேரமோ விட்டு எக்ஸ்டிங்ஷன் செய்தால் பயம் திரும்பாது என்று மான்ஃபில்ஸ் குழு 2009-இல் 'சயின்ஸ்'-இல் காட்டியது. லூய்டனும் பெக்கர்ஸும் 2017-இல் ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு எலியில் அப்படியே செய்தபோது அந்த விளைவு வரவில்லை.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். 'அழிந்தது' என்று எழுதாதீர்கள். எழுதினால் ரீவியூவர் மூன்று கேள்வி கேட்பார்.

முதலாவது, மருந்து வேறு எதைச் செய்தது? அனிசோமைசின் புரதத்தை மட்டும் தொடுவதில்லை. கனால், சாங், கோல்டு 2007-இல் அமிக்டலாவில் அதை ஏற்றி அளந்தபோது நோர்எபிநெஃப்ரின், டோபமைன், செரோடோனின் மூன்றும் தாறுமாறாக ஏறி இறங்கின. அதனால் நினைவூட்டாமல் மருந்து மட்டும் பெறும் குழுவும், நினைவூட்டி 6 மணி நேரம் கழித்து மருந்து பெறும் குழுவும் கட்டாயம். இரண்டிலும் பயம் குறையக்கூடாது. நினைவூட்டி 4 மணி நேரத்தில் சோதிக்கும் குழுவும் வேண்டும்: அங்கே ஃப்ரீஸிங் அப்படியே நின்று, 24 மணி நேரத்தில் மட்டும் விழ வேண்டும். மூலச் சோதனை நின்றதே அந்த வேறுபாட்டின் பலத்தில்தான்.

இரண்டாவது, பயம் திரும்பி வருகிறதா? மூன்று நான்கு வாரம் கழித்து ஒருமுறை. பயிற்சிப் பெட்டியில் ஒருமுறை. சோதிக்கும் பெட்டியிலேயே டோன் இல்லாமல் ஷாக் கொடுத்து மறுநாள் ஒருமுறை. எக்ஸ்டிங்ஷனால் அடங்கிய பயம் இந்த மூன்றிலும் தலைதூக்கும். ஒவ்வொரு சோதனையும் நினைவை மாற்றும், ஆகவே ஒரே எலியில் மூன்றையும் வரிசையாகச் செய்துவிட்டுத் தனித்தனி முடிவு எழுத முடியாது.

மூன்றாவதுதான் கடினம். டோனெகாவா ஆய்வகத்தில் ரயன் முதலானோர் 2015-இல் பயிற்சியின்போது இயங்கிய செல்களை மட்டும் ஒளிக்கு இணங்கும்படி குறியிட்டு, பிறகு அனிசோமைசினால் நினைவைக் கெடுத்தார்கள். சுண்டெலி பெட்டிக்குள் உறையவில்லை. அந்தச் செல்களின் மீது நீல ஒளி பட்டதும் உறைந்தது. சைனாப்ஸ் வலுவும் டென்ட்ரைட் முட்களும் கூடாமலேயே நினைவு செல்களின் இணைப்பில் தங்கியிருந்தது என்பது அவர்கள் முடிவு. எலி உறையவில்லை என்பதிலிருந்து நினைவு இல்லை என்று யாரும் தாவ முடியாது. "டோனுக்கான ஃப்ரீஸிங் 24 மணி நேரத்திலும், நான்கு வாரத்திலும் குறைந்தே இருந்தது" என்று எழுதுங்கள், யாரும் உங்களைப் பிடிக்க முடியாது.

---

வழிப்போக்கன்

நான் இந்தத் துறை இல்லை. மனிதருக்கு ப்ரோப்ரனோலால் மாத்திரையால் பயத்தை நீக்கலாம் என்கிறார்களே, அது இதே விஷயமா?

---

நிலைகுலை

அதே கருத்து, வேறு மருந்து: அட்ரினலின் வகைச் சமிக்ஞையைத் தடுப்பது. ஆம்ஸ்டர்டாமில் கிண்ட், சூட்டர், ஃபெர்ஃப்லீட் 2009-இல் சிலந்திப் படத்தோடு ஷாக் கொடுத்துப் பழக்கி, மறுநாள் 40 மி.கி. ப்ரோப்ரனோலால் கொடுத்து 90 நிமிடம் கழித்து அந்தப் படத்தை ஒருமுறை காட்டினார்கள். மூன்றாம் நாள், அந்தப் படத்தைக் கண்டால் கூடுதலாக எழும் கண் இமைத் திடுக்கிடல் மறைந்துவிட்டது. ஆனால் "இந்தப் படத்துக்கு ஷாக் வரும்" என்று அவர்களால் சரியாகவே சொல்ல முடிந்தது. நடந்தது நினைவில் இருக்கிறது, உடல் மட்டும் துள்ளவில்லை. கிண்ட் குழு 2015-இல் சிலந்திப் பயம் உள்ளவர்களுக்கு டராண்டுலாவை இரண்டு நிமிடம் காட்டி, உடனே ஒரே மாத்திரை கொடுத்தது. நெருங்கிப் போகும் துணிவு ஒரு வருடம் நீடித்தது. ப்ரூனே குழு 2018-இல் 60 பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) நோயாளிகளிடம் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் செய்ததில் போலி மாத்திரையைவிட நல்ல பலன் வந்தது. மறுபுறம், ஆரோக்கியமானவர்களிடம் 2009-ஐத் திரும்பச் செய்த லூவென் குழுவுக்கு 2019-இல் நிலையான விளைவு கிடைக்கவில்லை.

வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனோலால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவருக்கும் ஆபத்து. மருந்தைவிட எதை, எவ்வளவு நேரம் காட்டுவது என்பதுதான் இதில் சிக்கல். தவறினால் நீளமான எக்ஸ்டிங்ஷன் ஆகிவிடும், அல்லது ஒன்றுமே ஆகாது.

---

பாதாம்பருப்பு

புதிய வரிசை: முதலில் இரண்டாம் பெட்டியைச் சரிசெய்வது, பிறகு பயிற்சி முடிந்ததும் மருந்து பெறும் குழு, அது வேலை செய்தால் ஒரு ஜோடிப் பயிற்சியோடு ரீகன்சாலிடேஷன். குழுக்கள் கூடியதால் எலி எண்ணிக்கை மூன்று மடங்காகிறது. பழைய எலிகளின் மூளை ஃபார்மலினில் இருக்கிறது, அதையும் வெட்டிப் பார்க்கலாமா?

---

ஊசிமுனை

கட்டாயம் பாருங்கள். ஃபார்மலினிலிருந்து 30% சுக்ரோஸுக்கு மாற்றி, மூளை அடியில் மூழ்கும் வரை வைத்து, 40 மைக்ரானில் வெட்டுங்கள். கேனுலா நுனிக்குக் கீழே இன்ஜெக்டர் நீண்ட தடத்தின் கடைசிப் புள்ளிதான் முக்கியம், கேனுலா ஓட்டை அல்ல. அந்தப் புள்ளியைச் சுற்றி செல்கள் செத்து கிளையா (நியூரானுக்குத் துணைநிற்கும் செல்கள்) குவிந்திருந்தால், நீங்கள் ஏற்றியது புரதத் தடுப்பான் என்பதைத் தாண்டிப் புண்ணும் ஆகியிருக்கிறது. கரைசல் குழுவிலும் அப்படி இருந்தால் இன்ஜெக்டரைக் கேனுலாவுக்குக் கீழே 1 மி.மீ. மட்டும் நீளும்படி வெட்டிக்கொண்டு கேனுலாவை மேலே நிறுத்துங்கள். கூடுதல் எலிகளுக்கு நிறுவன விலங்கு நெறிக்குழுவில் திருத்த அனுமதி கையில் வந்த பிறகே ஆர்டர் போடுங்கள். 17-க்கான கணக்கைச் சந்தேகப்பிராணி சொன்னபடி விண்ணப்பத்திலேயே எழுதினால், ஏன் இத்தனை எலி என்ற அவர்களது முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.